எடைக்குக் கூலி கொடுத்தால் குப்பை குறையுமா?

2022 ஏப்ரல் கடைசியில் சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரத்தில் பற்றிய தீயை முழுதாக அணைக்கப் பத்து நாள்களுக்கு மேல் ஆனது. 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர் எரிந்தது. மூன்று ஆண்டுகளில் மூன்று நகரங்கள். தீ அணைந்ததும் எல்லா ஊரிலும் பேச்சு ஒரே பாதையில்தான் போகிறது: யார் கொளுத்தியது, எத்தனை தீயணைப்பு வண்டிகள் வந்தன, அடுத்து எந்த இயந்திரத்தை வாங்கலாம். இவ்வளவு குப்பை அங்கே போய்ச் சேர்வதற்கு யார், எந்தக் கணக்கில் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியில்தான் விடை இருக்கிறது. குப்பையில்லாத ஊர் என்பதை நாம் மக்களின் ஒழுக்கம் சார்ந்த விஷயமாகப் பேசிப் பழகிவிட்டோம். பேரணி நடத்துகிறோம், சுவரில் படம் வரைகிறோம், பள்ளிப் பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். ஆனால், ஓர் ஊரின் குப்பை குறைவதும் கூடுவதும் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றம் நிறைவேற்றும் தீர்மானத்திலும், அது கையெழுத்திடும் ஒப்பந்தத்திலும் முடிவாகிவிடுகிறது. எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அது வளரும். குப்பையை அள்ளி ஏற்றிச் செல்வதற்குப் பணம் கொடுத்தால், அள்ளி ஏற்றிச் செல்லும் குப்பைதான் வளரும்.

விதிக்குக் குறைவில்லை

நகரக் குப்பைகளின் அவலத்தைச் சுட்டிக்காட்டி அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது 1996இல். அதன் தொடர்ச்சியாக நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000இல் வந்தன. 2016இல் அவற்றை மாற்றி, நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள கணக்கெடுப்பு நகரங்களையும் தொடும் புதிய விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டின் அபாயகரமான குப்பை என வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016 விதிகள் தெளிவாகச் சொல்லின. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஓட்டல்கள், மண்டபங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் போன்றவற்றுக்குத் தனிப் பொறுப்பு சுமத்தப்பட்டது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை உள்ளாட்சிகள் தங்கள் அமைப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்றது.

ஆக, கால் நூற்றாண்டாகச் சட்டம் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: பிறக்கும் இடத்திலேயே பிரி. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணை, திடக்கழிவு மேலாண்மையை நகர உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதிகாரமும் இருக்கிறது, விதியும் இருக்கிறது. இருந்தும் பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்க்காத தெரு தமிழ்நாட்டில் குறைவு. "நாங்க பிரிச்சுத்தான் குடுக்கிறோம், அவங்கதான் ஒண்ணாக் கொட்டுறாங்க" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது வண்டி ஓட்டுபவரின் அலட்சியம் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவருக்குத் தரப்பட்ட வண்டியில் தடுப்பு இல்லை. அவர் முடிக்க வேண்டிய நடைகளுக்கு நேரம் இல்லை. அவருடைய மேலாளரிடம் கேட்கப்படும் கணக்கு, எத்தனை டன் கிடங்குக்குப் போனது என்பதுதான்.

எடைப்பாலத்தின் ஆட்சி

சென்னை மாநகராட்சி 2000இல் மூன்று மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியை முதன்முறையாகப் பெரிய அளவில் தனியாரிடம் ஒப்படைத்தபோது, டன் கணக்குதான் கூலிக்கு அளவுகோலாக இருந்தது. நாட்டின் பல நகரங்களும் அதே வழியில் போயின. எடைப்பாலத்தில் ஏறும் லாரி எவ்வளவு கனமோ அவ்வளவு பணம். இந்த ஏற்பாட்டில் ஈரக் குப்பை லாபம், மழையில் நனைந்த குப்பை கூடுதல் லாபம், மண்ணும் கட்டட இடிபாடும் சேர்ந்தால் அதைவிட லாபம். மாறாக, ஒரு குடும்பத் தலைவி காய்கறித் தோலைத் தொட்டியிலிட்டு உரமாக்கினால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். ஒரு தெரு முழுக்க உரமாக்கினால் பெருநஷ்டம். நோய் தீராமல் இருந்தால்தான் வருமானம் என்ற ஏற்பாட்டில் அமர்த்தப்பட்ட வைத்தியரிடம் ஊரின் ஆரோக்கியத்தை ஒப்படைத்த கதை இது.

பிற்கால ஒப்பந்தங்களில் எடைக்குப் பதிலாகச் செயல்பாட்டுக் குறியீடுகள் வந்திருக்கின்றன. அது நல்ல மாற்றம். ஆனாலும், தெரு பளிச்சென்று இருக்கிறதா, தொட்டி காலியாக இருக்கிறதா என்பவைதான் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல்கள். கிடங்குக்குப் போகும் அளவு சென்ற ஆண்டைவிட எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கூலி தரும் உள்ளாட்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நமது உள்ளாட்சிகள் குப்பைக்கென ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி அள்ளுவதிலும் ஏற்றிச் செல்வதிலும் கரைகிறது. உரமாக்கவும் தரம் பிரிக்கவும் மிஞ்சுவது கொஞ்சம்.

எரி உலைகளிலும் இதே பொறி வேறு வடிவில் இருக்கிறது. குப்பையிலிருந்து மின்சாரம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். டெல்லியின் திமார்பூரில் 1987இல் டென்மார்க் உதவியுடன் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கும் ஆலை கட்டப்பட்டது. அது மூன்று வாரங்கள்கூட ஒழுங்காக ஓடவில்லை. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறும் காய்கறியும் வாழையிலையும்தான். ஈரத்தை எரிக்க எரிபொருள் வேண்டும். சரி, ஈரத்தைப் பிரித்துவிட்டு மற்றதை எரிக்கலாமே என்றால், எரிவதற்கு ஏற்ற காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பலருக்குச் சோறு போடும் பொருள்கள். மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரும் கழிவை நிலத்தில் கொட்டாமல் எரிபொருளாக்கச் சொன்னார்கள் 2016 விதிகளில். ஒழுங்காகப் பிரிக்கும் ஊரில் அப்படி மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்குப் பேருலை தேவையில்லை. பேருலையைக் கட்டிவிட்டால், அதன் வயிற்றை நிரப்ப இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஊர் குப்பை உற்பத்தி செய்தாக வேண்டும்.

கொடுங்கையூரில் எரி உலைத் திட்டத்தை எதிர்த்து வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி அமைத்ததற்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்த பகுதி, இப்போது அதன் புகையையும் சுமக்க வேண்டுமா? அந்தக் கிடங்கில் பழைய குப்பையைக் கிளறிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. ஒருபுறம் கோடிகளைச் செலவிட்டுப் பழைய குப்பையை எடுப்பதும், மறுபுறம் பிரிக்காத புதிய குப்பையை அனுப்பிக்கொண்டிருப்பதும் எந்தக் கணக்கில் சேரும்?

ஆலப்புழை செய்தது

மாற்று வழி இருக்கிறதா என்றால், அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆலப்புழை நகராட்சியின் குப்பை, பக்கத்துப் பஞ்சாயத்தில் இருக்கும் சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காமல் அவ்வூர் மக்கள் போராடினார்கள். லாரிகளை மறித்தார்கள். குப்பையைக் கொண்டுபோக இடமில்லாமல், கால்வாய்களுக்குப் பெயர்போன அந்த நகரம் நாறியது. வேறொரு கிராமத்தைத் தேடி அங்கே கொட்டுவதுதான் நம் நகராட்சிகள் வழக்கமாகச் செய்வது. ஆலப்புழைக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது நல்லதாயிற்று.

அப்போது ஆலப்புழைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியில் 2012 இறுதியில் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்ற இயக்கம் தொடங்கியது. கொள்கை எளிமையானது: மக்கும் குப்பை வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. இடமிருந்த வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன்களைப் போன்ற சிறு கலன்கள், இடம் குறைந்த வீடுகளுக்குக் குழாய் உரத் தொட்டிகள். அதற்கும் வழியில்லாதவர்களுக்குத் தெருவோரத்தில் 'தும்பூர்முழி' முறையிலான பொது உரத் தொட்டிகள். காற்றுப் புகும்படி இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டியில் சாணம், காய்ந்த சருகு, அதன்மேல் ஈரக் குப்பை என்று அடுக்கடுக்காகப் போட்டால், சுமார் மூன்று மாதத்தில் உரம். காற்று உள்ளே போவதால் அழுகல் நாற்றம் எழாது. இது வெளிநாட்டுத் தொழில்நுட்பம் இல்லை, கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி மையத்தில் உருவானது.

இந்தத் தொட்டிகளைவிட முக்கியமானது, நகராட்சி எடுத்த இன்னொரு முடிவு: மக்கும் குப்பையை வீடுவீடாக வாங்கிக் கிடங்குக்குக் கொண்டுபோவதில்லை. வாங்க ஆளில்லை என்றபோதுதான் வீடுகள் உரமாக்கத் தொடங்கின. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், குப்பையைச் சிறப்பாகக் கையாளும் நகரங்களை அடையாளம் காட்டியபோது ஒசாகா, லியுப்லியானா ஆகியவற்றோடு ஆலப்புழையின் பெயரும் இருந்தது.

அங்கிருந்து ஏறக்குறைய 55 கி.மீ. தொலைவில் இருக்கிறது கொச்சி. அதே மாநிலம், அதே மழை, அதே மொழி பேசும் மக்கள். ஆனால், கொச்சி தன் குப்பையை ஓரிடத்தில் குவித்து, மத்திய ஆலை ஒன்று வந்து காப்பாற்றும் என்று காத்திருந்தது. 2023இல் எரிந்தது அந்தக் காத்திருப்புதான். மக்களின் குணம்தான் காரணம் என்றால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வந்திருக்க முடியாது.

பிரம்மபுரம் தீக்குப் பிறகு கேரளம் சும்மா இருக்கவில்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனையை எல்லா உள்ளாட்சிகளிலும் முடுக்கிவிட்டது. இவர்கள் வீடுவீடாகச் சென்று மக்காத பொருள்களை மட்டும், கழுவிக் காயவைத்த நிலையில் வாங்குகிறார்கள். அதற்கு ஒரு சிறு மாதக் கட்டணம் உண்டு. சோறு ஒட்டிய பிளாஸ்டிக்கை வாங்க மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. பிரிக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியதில் அந்த ஒரு மறுப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

வேலூரிலிருந்து அம்பிகாபூருக்கு

சத்தீஸ்கரின் அம்பிகாபூர் சொல்லும் கதையில் நமக்கு நேரடி உறவு உண்டு. வேலூரைச் சேர்ந்த சி.ஸ்ரீனிவாசன், குப்பையைக் கிடங்குக்கு அனுப்பாமல் வள மீட்பு மையங்களில் பிரித்துப் பயன்படுத்தும் முறையை வேலூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் செய்து காட்டியவர். மக்கும் குப்பையில் கால்நடைக்கு ஆவது கால்நடைக்கு, மற்றது உரத்துக்கு. மக்காததில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு. அம்பிகாபூர் அமைந்த சர்குஜா மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ரிது சைன் இந்த முறையை அந்நகரத்தில் பத்தாண்டுகளுக்கு முன் நடைமுறைப்படுத்தினார். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வீடுவீடாகச் சென்று வாங்கி, நகரெங்கும் அமைந்த சிறு மையங்களில் பிரிக்கிறார்கள். ஊரின் பழைய குப்பை மேடு பூங்காவாகிவிட்டது.

இங்கே கூலியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களின் குழுக்களுக்கு வருமானம் வீட்டுக் கட்டணத்திலிருந்தும், பிரித்த பொருள்களின் விற்பனையிலிருந்தும் வருகிறது. நன்றாகப் பிரித்தால் கூடுதல் வருமானம். எடைப்பாலம் கெடுத்ததை இந்த ஏற்பாடு சரிசெய்துவிடுகிறது.

புனேயிலும் அப்படித்தான். குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் அங்கே 1993இலேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்புடன் புனே மாநகராட்சி 2008இல் ஒப்பந்தம் செய்தது. வீடுகள் மாதக் கட்டணத்தை அந்தத் தொழிலாளருக்கே தருகின்றன. மக்காத பொருள்களை விற்கும் உரிமையும் அவருக்கே. கலந்து கொடுக்கும் வீட்டைத் தட்டிக்கேட்க அவருக்குக் காரணம் இருக்கிறது, ஏனென்றால் கலந்த குப்பை அவர் கைப்பணத்தைக் குறைக்கிறது.

கடல் கடந்த பாடங்கள்

இத்தாலியின் கப்பன்னோரியில் எரி உலை வருவதை 1990களில் தடுத்து நிறுத்தியவர் ரொஸ்ஸானோ எர்கொலினி என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர். தடுத்ததோடு அவர் நிற்கவில்லை. 2007இல் அந்த நகராட்சி 'சுழியக் கழிவு' இலக்கை ஏற்றது, ஐரோப்பாவில் அப்படி ஏற்ற முதல் ஊர் அது. பிரித்த பிறகும் மிஞ்சும் குப்பையை மேசையில் கொட்டி, இது என்ன, ஏன் மிஞ்சுகிறது என்று ஆராய ஒரு மையத்தையே அங்கே அமைத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தும் காபிக் குப்பிகள் நிறைய மிஞ்சுவதைக் கண்டு அவற்றைத் தயாரிக்கும் நிறுவனத்திடமே கேள்வி எழுப்பினார்கள். மிஞ்சும் குப்பைக்கு முகவரி தேடும் இந்தப் பழக்கம் நம் ஊர்களுக்கு அவசியம் தேவை. நமது கிடங்குகளில் சலித்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஷாம்பு பாக்கெட், நொறுக்குத்தீனி உறை, டயாப்பர், நாப்கின். ஊராட்சித் தலைவரால் ஷாம்பு பாக்கெட்டைத் தடைசெய்ய முடியாது. ஆனால், எந்த நிறுவனத்தின் உறை எத்தனை கிலோ தன் ஊரில் சேர்ந்தது என்று எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப முடியும். உற்பத்தியாளரின் பொறுப்பு பற்றிய விதிகள் நாட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆதாரம் திரட்டித் தர உள்ளாட்சியைவிடப் பொருத்தமானவர் யார்?

தென்கொரியா வேறு வகையில் காரியத்தைச் சாதித்தது. 1995இல் குப்பையின் அளவுக்கேற்ப வீடுகளிடம் கட்டணம், 2005இல் உணவுக் கழிவை நிலத்தில் கொட்டத் தடை, 2013இலிருந்து உணவுக் கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம். ஒரு விதியை ஊன்றிய பிறகு அடுத்த விதி. இன்று அந்நாட்டின் உணவுக் கழிவில் பெரும்பகுதி உரமாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது.

தோற்றவர்களிடமும் பாடம் உண்டு. 2010க்குள் குப்பையே இருக்காது என்று 1996இல் அறிவித்தது ஆஸ்திரேலியாவின் கான்பரா. நடக்கவில்லை. 2020க்குள் என்று அறிவித்த சான்பிரான்சிஸ்கோ, 2009இலேயே உரத்துக்குப் பிரிப்பதைச் சட்டமாக்கி வெகுதூரம் வந்தும், இலக்கைத் தொடவில்லை. ஜப்பானின் கமிகாட்சு என்ற சிற்றூர் 2003இல் உறுதி பூண்டு, 45 வகையாகப் பிரித்து, எண்பது விழுக்காட்டைத் தாண்டியது. அங்கும் மிச்சம் பூஜ்யமாகவில்லை. தயாரிக்கும்போதே மறுபயன்பாட்டுக்கு ஆகாத பொருளை ஊரால் மட்டும் ஒழிக்க முடியாது என்பதையே இவை காட்டுகின்றன. ஆனால், எண்பது விழுக்காட்டைத் தொட்டுவிட்டு மீதிக்காக வருந்தும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. இலக்கு பூஜ்யம் என்பதால் முயற்சியே வீண் என்று வாதிடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் கையில் இருப்பவை

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. சென்னையில் 1989இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகள் சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி வீடுவீடாகக் குப்பை வாங்கும் முறையைப் பரப்பியது. மாநகராட்சி வீட்டு வாசலுக்கு வராத காலம் அது. தெருவே தன் குப்பைக்குப் பொறுப்பேற்றது. ஆனால், அந்தப் பொறுப்பை உள்ளாட்சி தன் சட்டத்துக்குள் ஏற்றுக்கொள்ளவில்லை. தன்னார்வம் களைத்துப்போகும். விதியாக மாறியது மட்டுமே நிலைக்கும்.

ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் நுண் உரமாக்கும் மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. சில நன்றாக ஓடுகின்றன. பல இடங்களில் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன, அல்லது பிரிக்காத குப்பையைக் கொட்டி நாறவிட்டு, அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் மூடிக் கிடக்கின்றன. மையம் நாறுகிறது என்றால் அங்கே வருவது பிரித்த குப்பை இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் வீட்டு வாசல்.

சரியான ஊக்கம் எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதற்கு நீலகிரி சாட்சி. காட்டில் வீசப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022இல் அம்மாவட்டத்தில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பிவந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. காலிப் பாட்டிலைச் சேர்த்துவைக்க இடமில்லை, வேலை கூடுகிறது என்று கடை ஊழியர்கள் சொல்லும் குறை நியாயமானது. அதற்கு ஆளும் இடமும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆனால், குடித்தவர் வீசிய பாட்டிலையும் பத்து ரூபாய் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. எந்த விழிப்புணர்வுப் பேரணியும் இதைச் செய்ததில்லை.

உள்ளாட்சிகள் செய்ய வேண்டியவை

முதலாவது, கலந்த குப்பையை வாங்க மறுக்கும் தீர்மானம். அதற்கு முன், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்லும் தடுப்பு வைத்த வண்டி வேண்டும். தினமும் மக்கும் குப்பை, வாரம் இரண்டு நாள் மக்காத குப்பை என்று நாள் குறித்தால், வீடும் பழகும், வண்டியும் பழகும். இரண்டு மாத அவகாசம் தந்து, மூன்றாம் மாதம் மறுப்பு தொடங்க வேண்டும். மறுக்கும் பணியாளரைக் கவுன்சிலர் தொலைபேசியில் அழைத்து "போகட்டும், வாங்கிக்கோ" என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மக்கும் குப்பை வார்டைத் தாண்டக் கூடாது. பூங்கா, சந்தை, பள்ளி வளாகம், ஊராட்சிப் புறம்போக்கு எனக் கிடைத்த இடத்தில் சிறு உரத் தொட்டிகள் போதும். பெரிய ஓட்டலும் திருமண மண்டபமும் தங்கள் எச்சில் இலையைத் தாங்களே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதைச் சரிபார்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது, ஒப்பந்தம். டன்னுக்குக் கூலி என்ற வார்த்தை எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக் கூடாது. எத்தனை வீடுகளில் பிரித்து வாங்கினார்கள், கிடங்குக்குப் போகும் அளவு எவ்வளவு குறைந்தது என்பவைதான் கூலிக்கு அடிப்படையாக வேண்டும். குறைந்த எடைக்குக் கூடுதல் ஊக்கத்தொகை, கூடிய எடைக்குப் பிடித்தம். எரி உலைக்கு இவ்வளவு டன் தருவோம் என்று உறுதியளிக்கும் எந்த ஆவணத்திலும் மன்றம் கையெழுத்திடக் கூடாது.

நான்காவது, தொழிலாளர். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் அமர்ந்து போராடியதையும், நள்ளிரவில் அவர்கள் அகற்றப்பட்டதையும் நாடு பார்த்தது. சாதியின் பெயரால் இந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்களின் உழைப்பை மலிவாக வைத்துக்கொண்டே குப்பையில்லா நகரம் பற்றிப் பேசுவது போலித்தனம். ஊராட்சித் தூய்மைக் காவலரின் மதிப்பூதியம் ஒரு குடும்பத்தை நடத்தப் போதாது. பிரித்தல் நடந்தால் வேலை கூடும், அறிவும் கூடும். ஊதியமும் அதற்கேற்ப உயர வேண்டும். விற்பனை வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். பிரித்த குப்பையைத் தொடுவதற்கும் கலந்த அழுகலில் கை விடுவதற்கும் இடையே இருப்பது மானப் பிரச்சினை என்பதை வீடுகளும் உணர வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு. ஒவ்வொரு வார்டிலிருந்தும் கிடங்குக்குப் போன எடையை மாதந்தோறும் வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப்போட வேண்டும். தெரியாத எண் குறையாது.

எதிர்வாதங்கள்

நகரத்தில் இடமில்லை என்பார்கள். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் நூற்றுக்கணக்கான ஏக்கரைக் குப்பைக்குத் தந்த நகரம், வார்டுக்குச் சில சென்ட் நிலம் இல்லை என்று சொல்வதை ஏற்க முடியாது. பெருங்குடிக் கிடங்கு தின்றது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை. அந்தச் சதுப்பு 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ஓரிடத்தை அழிப்பதைவிட நூறு இடங்களில் சிறிது சிறிதாக ஏற்பது நியாயமானது.

கட்டணம் ஏழைகளை வாட்டும் என்பார்கள். அந்தக் கவலை உண்மையானது. சென்னையில் 2021 தொடக்கத்திலிருந்து குப்பைக் கட்டணம் என்று அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தப்பட்டது. சேவை மேம்படும் முன்பே கட்டணம் கேட்டால் எதிர்ப்பு வரத்தான் செய்யும். முதலில் ஒழுங்காகப் பிரித்து வாங்கட்டும். பிறகு வீட்டின் அளவைப் பொறுத்து, குடிசைகளுக்கு விலக்கு அளித்து, கலந்து கொடுப்பவருக்கு மட்டும் கூடுதலாக விதிக்கட்டும். பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் சிறு சலுகைகூடத் தரலாம்.

மக்கள் திருந்த மாட்டார்கள் என்பது மூன்றாவது வாதம். சோம்பேறித்தனமான வாதமும் அதுதான். ஆலப்புழைக்காரரும் அம்பிகாபூர்க்காரரும் பிறவியிலேயே வேறு ரகம் இல்லை. அவர்களுடைய மன்றங்கள் வேறு விதமாகத் தீர்மானம் போட்டன, அவ்வளவே.

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கிவிட்டன. கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றன. சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றிப் பேசுவது போலவே அடுத்த சபையில் எழுந்து நின்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் வார்டிலிருந்து சென்ற மாதம் எத்தனை டன் குப்பை கிடங்குக்குப் போனது? குப்பைக்கான ஒதுக்கீட்டில் லாரிக்கு எவ்வளவு, உரமாக்க எவ்வளவு? ஒப்பந்ததாரருக்கு எந்த அடிப்படையில் கூலி தருகிறீர்கள்? விடையை வாய்ப்பேச்சாக ஏற்காமல் சபைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த சபைக்குப் போகும்போது முதல் எண் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் மூன்றாம் கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.